ரெண்டு கால்ல எகிறுறதா, ஒத்தக் கால்லயா?

எங்கள் வீட்டில் மூன்று வாரமாக ஒரே பஞ்சாயத்து. அண்ணன் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வாலிபாலில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட். கோவில்பட்டிக்காரர்களுக்குத் தெரியும், எங்கள் ஊர்ப் பிள்ளை கையில் மட்டை இல்லாமல் மைதானத்துக்குப் போனால் சாமி குத்தம் ஆகிவிட்ட மாதிரிப் பார்ப்பார்கள். அவ்வளவு ஹாக்கி. இவள் எட்டாம் வகுப்பிலேயே வாலிபால் பக்கம் போய்விட்டாள். அதற்கே அப்போது ஒரு பஞ்சாயத்து நடந்தது, அதை விடுங்கள்.

இப்போதைய விவகாரம் கல்லூரி விளையாட்டு விழாவில் ஆரம்பித்தது. உயரம் தாண்டுதலுக்கு அவள் துறையில் ஆள் இல்லை. "நீதான் நெட்டையா இருக்கே, போய் நில்லு" என்று தள்ளி விட்டிருக்கிறார்கள். இரவல் ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஷூ), அதுவும் ஒரு சைஸ் பெரிசு, முன்னால் பஞ்சு திணித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். முதுகைப் போட்டுத் தாண்டுவதெல்லாம் தெரியாது. சின்ன வயதில் கயிறு தாண்டுகிற மாதிரி ஒரு காலைத் தூக்கி, இன்னொரு காலை இழுத்து 1.48 மீட்டர். பார்த்துக்கொண்டிருந்த தடகள கோச் அன்று சாயங்காலமே கூப்பிட்டு, "ஆறு மாசம் என்கிட்ட வா, என்ன ஆகுதுன்னு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்.

இது வாலிபால் பக்கம் தெரிந்ததும் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் அறைக்கு அழைப்பு. "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் எல்லாம் இங்க நடக்காது. வெள்ளிக்கிழமைக்குள்ள எதுன்னு சொல்லு." கூடவே ஒரு நினைவூட்டலும்: படிப்புக் கட்டணச் சலுகையும் விடுதியும் வாலிபாலுக்காகக் கொடுத்தது. அணியில் இல்லை என்றால் சலுகையும் இல்லை. அப்படி ஒரு தாளில் என் அண்ணன் சேர்க்கையின்போதே கையெழுத்துப் போட்டிருக்கிறார். படித்துப் பார்த்தாரா என்று கேட்டேன். "சீட்டு கிடைச்ச சந்தோஷத்துல எவன்டா படிப்பான்" என்றார். நியாயம்தான்.

வீட்டுக்கு வந்தவளிடம் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "உனக்கு எது பிடிக்கும்?" நானும் கேட்டேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். விரல்களில் சுற்றியிருந்த வெள்ளை டேப்பை ஒவ்வொன்றாக உரித்து, உருட்டி, ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டும் பிடிக்கும் சித்தப்பா, வேற வேற மாதிரி. வாலிபால்ல தோத்தா எல்லாரும் ஒண்ணா உக்காந்து அழுவோம். அங்க நான் மட்டும் மெத்தையில மல்லாந்து கிடக்கணும். கம்பி மேல விழும்." அப்புறம், "ஆனா அங்க யாரும் என்னைப் பெஞ்சுல உக்கார வைக்க முடியாது" என்றாள்.

இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு எம்.ஜே. கோபாலனை ஞாபகப்படுத்திவிட்டது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கிரிக்கெட் மட்டையோடு போகிற பையன்களை நிறுத்தி வைத்துச் சொல்கிற கதை அது. மதராஸ்காரர். 1934இல் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை சேப்பாக்கத்தில் வீசியவர். அதே ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட். ஹாக்கியிலும் அதே தரம்; 1935இல் தியான்சந்தின் அணியோடு நியூசிலாந்து போய் ஆடிவிட்டு வந்தவர். 1936இல் இரண்டும் ஒரே கோடையில் வந்து நின்றன. ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக்ஸ், இன்னொரு பக்கம் கிரிக்கெட் அணியின் இங்கிலாந்துப் பயணம். கோபாலன் கிரிக்கெட்டோடு கப்பல் ஏறினார். மூன்று டெஸ்டுகள் நடந்தன, ஒன்றில்கூட அவரை ஆட வைக்கவில்லை. ஆகஸ்ட் 15ஆம் தேதி பெர்லினில் இறுதிப் போட்டி. இந்தியா 8, ஜெர்மனி 1. தங்கம். அந்தக் கல்கத்தா டெஸ்டுக்குப் பிறகு கோபாலனுக்கு இன்னொரு டெஸ்ட் கிடைக்கவே இல்லை.

"பாத்தியா, ஹாக்கியை விட்டா இதான் கதி" என்று பெரியவர்கள் முடிப்பார்கள். எனக்கு அந்த முடிவில் எப்போதும் ஒரு உறுத்தல். கப்பலேறிய அன்று அவர் செய்தது தப்பு என்று எந்தக் கணக்கில் சொல்வது? நாட்டுக்காக ஏற்கெனவே ஒரு டெஸ்ட் ஆடியவர், மறுபடி கூப்பிடுகிறார்கள், போகிறார். விஜயநகரம் மகாராஜகுமார் கேப்டனாக இருந்து நடத்திய அந்தப் பயணத்தில் லாலா அமர்நாத்தையே பாதியில் ஊருக்கு அனுப்பினார்கள். அப்படிப்பட்ட கூத்தில் பதினோரு பேரில் தன் பெயர் வருமா என்பது கோபாலன் கையில் இருந்த விஷயமா? கழற்றிவிட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அவர் தேர்ந்தெடுத்ததைப் பற்றி மட்டும் தொண்ணூறு வருஷமாகப் பேச்சு.

இப்போது அமெரிக்கக் கதை ஒன்றைத் தம்பி மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். கைலர் மர்ரி. ஓக்லஹோமா பல்கலைக்கழக மாணவர், பேஸ்பாலும் அமெரிக்கன் ஃபுட்பாலும் ஆடியவர். அங்கே தொழில்முறை அணிகள் வருஷத்துக்கு ஒரு முறை புது வீரர்களை வரிசையாக, சுற்றுச் சுற்றாக எடுக்கும். 2018 ஜூனில் அப்படி ஓக்லண்ட் ஏ'ஸ் பேஸ்பால் அணி அவரை ஒன்பதாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. கையெழுத்துத் தொகை 46.6 லட்சம் டாலர். ஒப்பந்தம் போட்டபின்பும் இன்னும் ஒரு சீசன் கல்லூரிக்காக ஃபுட்பால் ஆடிக்கொள்ள அனுமதி வாங்கிக்கொண்டார். அந்த ஒரு சீசனில் கல்லூரி ஃபுட்பாலின் பெரிய விருதான ஹைஸ்மனையே தூக்கிவிட்டார். 2019 பிப்ரவரியில் ஃபுட்பால்தான் என்று அறிவித்து, அதுவரை வாங்கியிருந்த 15 லட்சம் டாலரில் 12.9 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஏப்ரலில் அரிசோனா கார்டினல்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. இரண்டு விளையாட்டிலும் முதல் சுற்றிலேயே தேர்வான முதல் மனிதர்.

தம்பி மகன் இதற்கு எழுதியிருந்த வரி: "மனசு சொன்னதைக் கேட்டான், ஜெயிச்சான்." அடேய், கொஞ்சம் நிதானமாகப் படி. பேஸ்பாலில் கையெழுத்துப் போட்டதற்கும் ஃபுட்பாலை அறிவித்ததற்கும் நடுவில் எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் அவருக்கு இரண்டு கதவும் திறந்தே இருந்தன. கீழ்நிலை அணிகளில் பஸ்ஸில் அலைந்து வருஷக்கணக்கில் காத்திருந்துதான் பெரிய பேஸ்பால் அணிக்குள் நுழைய முடியும் என்பதும், ஃபுட்பாலில் நேரே உள்ளே போகலாம் என்பதும் அவருக்குத் தெரியும். அப்பா கெவின் மர்ரி பல்கலைக்கழக ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்; சித்தப்பா கால்வின் மர்ரி மேஜர் லீக் பேஸ்பால் ஆடியவர். (இந்தச் சித்தப்பா பேச்சுப் போட்டியைத் தவிர எதிலும் கப் வாங்கியதில்லை.) மனசு சொன்னதும் இருக்கலாம். ஆனால் அந்தப் பையனிடம் யாரும் வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்று கேட்கவில்லை.

அண்ணனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தீப்பெட்டி ஆபீசில் இருபத்தைந்து வருஷமாகக் கணக்கு எழுதுகிறவர், இதையும் ஒரு கணக்காகத்தான் பார்க்கிறார். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்குத் தருகிற சான்றிதழ், அந்த ஃபார்ம் 3, அதுதான் அவருக்கு வேண்டும். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வே இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. "டீம்ல பன்னெண்டு பேர்ல ஒருத்தியா இருந்தாப் போதும்டா. கோர்ட்டுல இறங்குனாலும் இறங்காட்டியும் டீம் ஜெயிச்சா அவளும் ஜெயிச்ச மாதிரிதான். தாண்டுறதுல மூணு பேருக்குத்தான் மெடல்." இதில் எந்த ஓட்டையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மகள் எதற்காக வாலிபாலை விட நினைக்கிறாளோ, அந்த பெஞ்சுதான் அப்பாவுக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது.

அண்ணி மாரியப்பனைக் கொண்டுவந்தார். சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த பையன்தான். உடற்கல்வி ஆசிரியர் சொல்லித்தான் உயரம் தாண்டப் போனார். 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் 1.89 மீட்டர், தங்கம். "அந்த வாத்தியார் வாலிபாலையே ஆடுன்னு சொல்லியிருந்தா?" என்று அண்ணி கேட்டதும் அண்ணன் சாப்பிட்ட தட்டோடு எழுந்து போய்விட்டார்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயசுப் பெண்ணிடம் இதா அதா என்று கேட்கிற அவசரம் கல்லூரியுடையது. அவர்கள் காலண்டரில் கேம்ப் தேதி இருக்கிறது, கோப்பை வேண்டும், சலுகைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதை அப்படியே சொல்லியிருந்தால் நான் மதித்திருப்பேன். அதை விட்டுவிட்டு "விசுவாசம் வேண்டாமா" என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு விசுவாசத்தைப் பற்றிப் பேசக்கூடாது. சலுகையை விளையாடுகிற மாணவிக்குக் கொடுங்கள், ஒரே ஒரு விளையாட்டோடு கட்டிப்போடாதீர்கள். மண்டலப் போட்டிக்கு வாலிபால், மற்ற மாதங்களில் வாரம் இரண்டு நாள் தாண்டுதல் என்று ஒரு வருஷம் விட்டுப் பார்த்தால் என்ன குடி முழுகிவிடும்?

எதிர்த் தரப்பில் எனக்குப் பதில் தெரியாத வாதம் ஒன்றே ஒன்றுதான், முழங்கால். இரண்டுமே குதிப்புதான். வாலிபாலில் அடித்துவிட்டு இறங்குகிற இடது காலே தாண்டும்போதும் உந்துகால். ஏற்கெனவே மாடிப்படி இறங்கும்போது அந்த முட்டிக்குக் கீழே வலிக்கிறது என்கிறாள். பிசியோதெரபிஸ்ட், குதிக்கிற எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். "எந்த விளையாட்டுல குறைக்க?" என்று இவள் கேட்டதற்கு, "அதை நீதான் முடிவு பண்ணணும்" என்றாராம். அவரும்!

வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. வாலிபாலில் தொடர்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள், அண்ணன் பக்கத்தில் நின்று எழுதவைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு போன். மூச்சிரைத்துக்கொண்டே பேசினாள். "சித்தப்பா, 1.50க்குக் கம்பி வச்சாங்க. ஓடிப் போய்ப் பழக்கதோஷத்துல ரெண்டு காலையும் சேர்த்து எகிறிட்டேன். கம்பி அசையவே இல்லை. ஆனா ஒத்தக் கால்லதான் எகிறணுமாம், ஃபவுலுன்னுட்டார்." சிரிக்கிறாள்.

எங்கே இருக்கிறாய், யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். தடகள கோச்சுக்கும் ரூம்மேட்டுக்கும் மட்டும்தானாம். ஸ்பைக்ஸ் ரூம்மேட்டின் டிரங்குப் பெட்டியில், துணிக்கு அடியில் இருக்கிறது. இந்தத் தடவை அவள் சைஸ். யார் வாங்கிக் கொடுத்தது என்று அண்ணன் கேட்டால் எனக்கு எதுவும் தெரியாது. அண்ணன் முகநூலில் இல்லை.