செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல உட்கார வெச்சதுக்குப் பேரு காம் கார்னராம்

நம்ம வேலூர்ல சின்னப் பிள்ளைங்க ஸ்கூல் ஒண்ணுல எடுத்த அந்த வீடியோ, ஊர்ல எல்லா வாட்ஸ்அப் குரூப்பையும் சுத்தி முடிச்சாச்சு. நான் மறுபடி போடப் போறதில்ல, பிள்ளை முகம் தெரியுது. ஸ்கூல் பேரும் இங்க வேணாம், கமெண்ட்ல யாராவது போட்டா அழிச்சிடுவேன். விஷயம் உங்களுக்கே தெரியும். புது ஆக்டிவிட்டி ரூம் திறப்பு விழா, ரிப்பன், பொன்னாடை, ஸ்பீக்கர்ல ரைம்ஸ். நாலு வயசுப் பையன் காதைப் பொத்திக்கிட்டு கத்துறான். ஆயாம்மா தூக்கிட்டுப் போய் வராண்டாவுல செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல உட்கார வெச்சுட்டு கதவைச் சாத்துறாங்க. ஏப்ரல் மாசத்து வேலூர் வெயில்ல.

இதோட நின்னிருந்தா நான் எழுதியிருக்கவே மாட்டேன். விழா அவசரம், கூட்டம், நடக்கும். ஆயாம்மா மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, சொன்னதைச் செஞ்சாங்க. எரிச்சலாக்குனது மறுநாள் ஸ்கூல்லருந்து வந்த விளக்கம். "அது எங்க காம் கார்னர். வெளிநாட்டு முறை. புரியாதவங்க பரப்புறாங்க."

சரிங்க. புரியாதவங்களுக்காகவே சொல்றேன்.

காம் கார்னர்னா அமைதி மூலை, பிள்ளை கொஞ்ச நேரம் சத்தத்துலருந்து ஒதுங்கி அமைதியாகுற இடம். அது அறைக்கு உள்ள இருக்கணும். மிஸ் நிக்கிற இடத்துலருந்து பிள்ளை தெரியணும், பிள்ளைக்கும் மிஸ் தெரியணும். மூணுக்கு மூணு அடி போதும், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற சந்தே போதும். கீழ ஒரு பாய், ரெண்டு தலகாணி, பக்கவாட்டுல பழைய காட்டன் சேலையை இடுப்பு உயரத்துக்குத் திரையா கட்டுங்க. வெளிச்சம் கொஞ்சம் குறையணும், இருட்டாகக் கூடாது. ஒரு துணிப் புத்தகம், அமுக்குறதுக்கு ஒரு பஞ்சுப் பந்து. பட்டன் அமுக்கினா பாட்டுப் பாடுற பொம்மையை அந்தப் பக்கமே கொண்டு போகாதீங்க.

அதை எப்படிப் பழக்குறோம்ங்கறதுலதான் முக்காவாசிப் பேரு கோட்டை விடறாங்க. பிள்ளை அழும்போது முதல் தடவையா அங்க இழுத்துட்டுப் போனா, அது பிள்ளைக்குத் தண்டனைதான். எல்லாரும் சிரிச்சு விளையாடுற நாள்ல நாலஞ்சு பேரா கூட்டிட்டுப் போய், உட்கார வெச்சு, "சத்தம் ஜாஸ்தியா இருந்தா இங்க வரலாம், டயர்டா இருந்தாலும் வரலாம்"னு காட்டணும். எந்தப் பிள்ளையும் போகலாம். "அது அவனோட இடம்"னு ஒருத்தனுக்கு எழுதி வெச்சா அதுவும் ஒதுக்கி வெக்கிறதுதான். தானா போகணும், தானா வரணும், வாட்ச் பாக்கக் கூடாது. "சேட்டை பண்ணா அங்க அனுப்பிடுவேன்"னு ஒரே ஒரு தடவை மிரட்டினாலும் போச்சு, அப்புறம் ஒரு பிள்ளையும் அங்க நிம்மதியா உட்காராது. கதவு சாத்துற வேலை இதுல எங்கயுமே கிடையாது.

இனி அவன் ஏன் கத்துனான்ங்கறதுக்கு வர்றேன். "வீட்ல செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிகினு இங்க வந்து உயிரை எடுக்குதுங்க"ன்னு ஒரு ஆடியோவும் கூடவே சுத்துச்சு. அந்த வீடியோவை ஒரு தடவை சத்தத்தோட பாருங்க. டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், கான்கிரீட் கூரை, ஏசிக்காக சாத்தின ஜன்னல். சத்தத்தை உறிஞ்ச அந்த அறையில ஒரு துண்டுத் துணி கூட இல்ல. ஒரு கை தட்டினாலே நாலு சுவர்லயும் மோதித் திரும்பும். அதுக்குள்ள ஆளுயர ஸ்பீக்கர், மைக், நாப்பது பிள்ளைங்க, கூடவே பெத்தவங்க. சில பிள்ளைங்களோட மூளை சத்தத்தைப் பிரிச்சு ஒதுக்காது. நாம கவனிக்காம விட்டுடற ஃபேன் சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், மைக் விசில் எல்லாம் அவங்களுக்கு ஒரே நேரத்துல ஒரே அளவுல வந்து விழும். காதைப் பொத்துறதுதான் அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம். கத்துறதுக்கு முன்னாடியே அவன் முன்னும் பின்னும் ஆடறான், ம்ம்ம்னு ஒரே ராகத்தை இழுக்கறான், விரலை முகத்துக்கு நேரா ஆட்டறான். வீடியோவுலயே தெரியுது. அப்பவே யாராவது ஸ்பீக்கரைக் குறைச்சிருந்தா இந்தப் பதிவே இல்ல.

அவனுக்கு ஆட்டிசமான்னு இன்பாக்ஸ்ல கேக்குறவங்களுக்கு: இந்த ஒரு வீடியோவை மட்டும் பாத்து அதைச் சொல்ல எந்த டாக்டராலயும் முடியாது. அது தேவையும் இல்ல. எந்த சர்ட்டிபிகேட்டும் இல்லாத பிள்ளைக்கும் அந்தச் சத்தம் ஜாஸ்திதான். அறையைத்தான் மாத்தணும். திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்லப் போறேன், போரடிச்சா ஸ்க்ரோல் பண்ணிக்குங்க.

குடியாத்தம் பக்கம் ஒரு அங்கன்வாடியில பாத்தது. மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, கீழ சிமெண்ட் தரை. அந்த டீச்சர் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒவ்வொரு குட்டி நாற்காலி காலுக்கும் மாட்டியிருந்தாங்க. இழுத்தா சத்தமே வரல. தரையில ரெண்டு ஜமக்காளம், ஒரு பக்கச் சுவர்ல கோரைப்பாயை விரிச்சு ஆணி அடிச்சு மாட்டியிருந்தாங்க. கைத்தட்டிப் பாத்தா எதிரொலி பாதியா குறைஞ்சிருந்துச்சு. ஹியரிங் எய்டு போட்ட ஒரு பொண்ணை டீச்சருக்கு மூணு அடிக்குள்ள உட்கார வெச்சிருந்தாங்க. டீச்சர் ஜன்னலைப் பாத்து நிக்கறாங்க, ஜன்னலுக்கு முதுகு காட்டல. முதுகு காட்டினா முகம் நிழலாயிடும், உதட்டசைவு தெரியாது. அந்த மிஷின் பேச்சை மட்டும் இல்ல, அறையில இருக்கிற இரைச்சல் மொத்தத்தையும் சேத்துத்தான் பெருசாக்கும், அதனாலதான் கிட்ட உட்காரணும். இதையெல்லாம் அவங்களுக்கு எந்த வெளிநாட்டுக்காரரும் சொல்லித் தரல.

ஹியரிங் எய்டு போட்ட பிள்ளைக்கு மட்டும்தான் இதுன்னு நினைக்காதீங்க. சளி பிடிச்ச பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கோத்துக்கிட்டு வாரக்கணக்கா காது மந்தமா இருக்கும். வலி இருக்காது, அதனால வீட்லயும் தெரியாது. "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான், திமிரு"ன்னு எத்தனை பிள்ளைங்க குட்டு வாங்குதுங்க தெரியுமா?

"ஒரே மிஸ், முப்பது பிள்ளை, எட்டாயிரம் சம்பளம். இதுல சைக்கிள் டியூப் வேற வெட்டணுமா?" நியாயமான கேள்வி. இதைக் கேட்ட மிஸ் கிட்ட எனக்குச் சண்டையே இல்ல. ஆனா முப்பது பிள்ளையையும் சுவரோரமா வரிசையா உட்கார வெச்சு, ஒவ்வொண்ணா எழுப்பி ரைம்ஸ் சொல்ல வெச்சா ஒருத்தன் பாடுவான், 29 பேர் சும்மா காத்திருப்பாங்க. மூணு வயசுப் பிள்ளை சும்மா பத்து நிமிஷம் காத்திருக்காது. பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். ஒழுங்கு கெடுறது முக்காவாசி இந்தக் காத்திருப்புலதான். வட்டமா உட்கார்றது பத்து நிமிஷத்தைத் தாண்ட வேணாம். மீதி நேரத்துக்கு அஞ்சாறு பேரா பிரிச்சு விடுங்க. சொப்புச் சாமான் ஒரு மூலை, கட்டை அடுக்குறது ஒரு மூலை, மண்ணும் தண்ணியும் வாசல் பக்கம், புத்தகம் இன்னொரு மூலை. கட்டையையும் புத்தகத்தையும் பக்கத்துப் பக்கத்துல வெக்காதீங்க, கட்டை சரியுற ஒவ்வொரு தடவையும் படம் பாக்கிற பிள்ளை திடுக்கிடும். அலமாரி ரெண்டடி உயரத்துக்கு மேல வேணாம். தானா எடுத்து தானா வெக்கிற பிள்ளை மிஸ்ஸைக் கூப்பிடாது, அந்த நேரத்துல மிஸ் யாருக்குத் தேவையோ அந்தப் பிள்ளை கிட்ட போகலாம். மூணு சென்டிமீட்டருக்குக் குறைஞ்ச சாமான் எதையும் மூணு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளை கையில குடுக்காதீங்க. புளியங்கொட்டை மூக்குக்குப் போயிடும்.

இன்னொண்ணு, அடுத்து என்ன நடக்கப் போகுதுன்னு தெரியாத பிள்ளைதான் பயந்து அழும். செல்போன்ல நம்ம ஸ்கூல் இடத்தையே ஆறு போட்டோ எடுங்க: விளையாட்டு, சாப்பாடு, டாய்லெட், கதை, தூக்கம், வீட்டுக்குப் போறது. ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணி, கயித்துல துணி கிளிப் மாட்டி வரிசையா தொங்க விடுங்க. முடிஞ்சதைத் திருப்பிப் போடணும். கார்ட்டூன் படத்தைவிட நம்ம டாய்லெட்டோட போட்டோ நல்லா வேலை செய்யும். ஒரு வேலையிலருந்து அடுத்ததுக்கு மாறும்போது பெல் அடிக்காதீங்க, அஞ்சு நிமிஷம் முன்னாடியே தினமும் ஒரே பாட்டைப் பாடுங்க.

அந்தப் புது ரூம் சுவரைப் பாத்தீங்களா? ஒரு அங்குலம் விடாம மிக்கி மவுஸ். 2014ல அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல யூகேஜி வயசுப் பிள்ளைங்களை வெச்சுப் பாத்தாங்க. சுவரெல்லாம் படம் ஒட்டின அறையில கவனம் அதிகமா சிதறுச்சு, பாடம் மனசுல நின்னதும் குறைஞ்சுச்சு. நம்ம ஊர்ல சார்ட்டை அஞ்சரை அடி உயரத்துல ஒட்டுவோம். மூணு வயசுப் பிள்ளையோட மொத்த உயரமே ஏறக்குறைய 95 சென்டிமீட்டர்தான். அந்தச் சார்ட்டு யாருக்கு? ஃபீஸ் கட்ட வர்ற அப்பாவுக்கு.

அந்த ஸ்கூல் கேட்டுக்கு மேல போர்டுல மாண்டிசோரின்னு கொட்டை எழுத்து. அது மரியா மாண்டிசோரிங்கற இத்தாலிக்காரம்மா பேரு. அந்தம்மா ஒரு டாக்டர். ரோம்ல மனநல விடுதியில போட்டு வெச்சிருந்த, படிக்க லாயக்கில்லன்னு தள்ளின பிள்ளைங்களோட வேலை செஞ்சுதான் தன்னோட முறையை உருவாக்க ஆரம்பிச்சாங்க. 1907ல ஆரம்பிச்ச 'குழந்தைகள் இல்லம்' எல்லாம் அதுக்கு அப்புறம். 1939ல நம்ம அடையாறுக்கே வந்து ஆசிரியைங்களுக்குப் பயிற்சி குடுத்தவங்க. அவங்க பேரைப் போட்டு ஃபீஸ் வாங்கிட்டு, அவங்க முதல்ல தூக்கிவிட்ட மாதிரிப் பிள்ளையையே வராண்டாவுக்கு அனுப்புறீங்க. பேஷ்.

அடுத்து, "மத்த பிள்ளைங்க படிப்பு கெடுது." இதைச் சொன்னவங்க கிட்ட எனக்குப் பொறுமை இல்ல. நாலு வயசுல கெடுறதுக்கு என்னங்க படிப்பு? ஃபோர் லைன் நோட்டுல கர்சிவ் எழுதுறதா? அந்த வயசுல மணிக்கட்டு எலும்பே முழுசா உருவாகியிருக்காது. பென்சிலைப் பிடிக்க வெக்கிறதுக்கு முன்னாடி சப்பாத்தி மாவு பிசைய விடுங்க, துணி கிளிப் அமுக்க விடுங்க, பேப்பர் கிழிக்க விடுங்க, கேழ்வரகை ஒரு டம்ளர்லருந்து இன்னொண்ணுக்கு ஊத்த விடுங்க. இது கை பலமில்லாத பிள்ளைக்கும் ஆகும், உங்க வீட்டு ராங்க் ஹோல்டருக்கும் ஆகும். இடது கையில எடுத்தா தட்டி விடாதீங்க.

"அந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குத்தான் தனி ஸ்கூல் இருக்கே"ன்னு ஒரு அண்ணன், ரொம்ப மரியாதையா, கைகூப்பி எமோஜியோட எழுதியிருந்தாரு. அண்ணே, 2016ல வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 16வது பிரிவைப் படிங்க. அரசு நிதி வாங்குற, இல்லன்னா அரசு அங்கீகாரம் வாங்குற கல்வி நிறுவனம் பாகுபாடில்லாம சேத்துக்கணும், கட்டடத்தை அவங்க புழங்குற மாதிரி செய்யணும், அவரவர் தேவைக்கு ஏத்த ஏற்பாட்டையும் செய்யணும். தயவு பண்ணச் சொல்லல. அப்புறம் அந்த "அந்த மாதிரி". இங்க பாகாயத்துல சிஎம்சி ஆஸ்பத்திரியோட நம்பிக்கை நிலையம் இருக்கு, மனவளர்ச்சிக் குறைபாடு இருக்கிற பிள்ளைங்களுக்கானது. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வடக்குலருந்து, கிழக்குலருந்து ரெண்டு நாள் ரயில்ல வந்து காட்பாடியில இறங்குற அம்மாங்களைப் பாத்திருக்கீங்களா? பெத்தவங்களும் கூட இருந்து, பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தரணும்னு கத்துக்கிட்டுப் போறாங்க. நாடே நம்பி வர்ற ஊரு இது. இங்கயே பொறந்த பையனுக்கு நாம குடுக்கிற இடம் செருப்பு ஸ்டாண்டு.

கோபம் வேற பக்கம் போகுது, தெரியுது. போகட்டும். ஒதுக்கி வெக்கிறது இந்த ஒரு விதத்துல மட்டும் நடக்கல. பேர்ணாம்பட்டு, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் எத்தனையோ வீட்ல உருது. குடியாத்தத்துலருந்து ஆந்திரா பார்டர் வரைக்கும் தெலுங்கு. அந்தப் பிள்ளைங்க வந்து மாசக்கணக்குல வாயைத் திறக்காம இருக்கும். அது ஊமையும் இல்ல, மந்தமும் இல்ல, காதால சேத்துக்கிட்டு இருக்கு. "தமிழ்ல பேசு, இல்லன்னா இங்கிலீஷ்ல பேசு"ன்னு அதட்டினா இன்னும் நாலு மாசம் தள்ளிப் போகும். பானி, நீள்ளு, பூக், ஆகலி. தண்ணியும் பசியும் ரெண்டு பாஷையில. நாலே வார்த்தை, ஒரு மிஸ்ஸால கத்துக்க முடியாதா?

சாய்தளமும் அப்படித்தான். மூணு படி, ஒவ்வொண்ணும் அரை அடி, மொத்தம் ஒன்றரை அடி உயரம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம்ங்கற கணக்குல 18 அடி நீளம் வேணும். அஞ்சடியில கட்டி வெச்சு "ராம்ப் இருக்கு"ன்னு போட்டோ எடுக்கறாங்க. வீல்சேர் அதுல ஏறாது, சறுக்கு மரம் மாதிரி இறங்கும். காலு தரையில படாத நாற்காலியில உட்கார்ற பிள்ளைக்கு, முக்கியமா மூளை முடக்குவாதம் இருக்கிற பிள்ளைக்கு, கையை நீட்டி எதையும் எடுக்க முடியாது. விழாம இருக்கிறதுலயே பலம் போயிடும். பழைய நியூஸ்பேப்பரை இறுக்கிக் கட்டி, துணி சுத்தி, காலுக்கு அடியில வெச்சா சரியாப் போச்சு.

இன்னும் பத்துப் பேரு வருவாங்க, "நீங்க எந்த ஸ்கூல் நடத்துறீங்க"ன்னு. நடத்தல. அந்த ரூமுக்கு ஏசி, டிவி, மிக்கி மவுஸுக்கு ஆன செலவுல ஒரு ஜமக்காளமும் சேலைத் திரையும் வாங்க முடியாம போச்சான்னு கேக்க ஸ்கூல் நடத்தணுமா?

ஜூன்ல அட்மிஷனுக்குப் போறவங்க டிவி எத்தனை இன்ச்சுன்னு கேட்டுட்டு நிக்காதீங்க. பிள்ளை அழுதா எங்க உட்கார வெப்பீங்கன்னு கேட்டு, அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. ரூம் நடுவுல நின்னு ஒரு தடவை கைத்தட்டிப் பாருங்க. டாய்லெட் தாழ்ப்பாள் எந்த உயரத்துல இருக்குன்னு குனிஞ்சு பாருங்க. ஃபீஸ் அதுக்கப்புறம் பேசிக்கலாம்.