ஸ்பாஞ்சு சீட்டுக்குப் பெயர் சொகுசா?

பார் இல்லாத சைக்கிள் வேண்டும் என்று கடையில் வாயைத் திறந்தால் போதும். "லேடீஸ் மாடலா? யாருக்கு, வீட்டுலயா பாப்பாவுக்கா?" என்று ஒரு நமட்டுச் சிரிப்பு வரும். ஏன், மீசை வைத்தவர் ஏறினால் சக்கரம் சுற்றாதா? கேரியரில் பத்துக் கிலோ மூட்டை இருக்கிறது, அல்லது குழந்தை சீட் மாட்டியிருக்கிறது. அதற்கு மேலே காலைத் தூக்கிச் சுழற்றி ஏறுவது எப்படி என்று அந்தச் சிரிப்புக்காரர் ஒருமுறை செய்து காட்டட்டும். சிக்னல், பள்ளம், குறுக்கே வரும் ஆள் என்று நகரத்துக்குள் ஒரு சவாரியில் பத்துத் தடவை இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. முன்பக்கமாகக் காலை எடுத்து வைத்து இறங்க வழியுள்ள ஃப்ரேம்தான் அதற்குத் தோது. ஆண்பால் பெண்பால் எல்லாம் இலக்கணத்தோடு நிற்கட்டும்.

முத்திரை குத்துவதோடு விட்டாலும் பரவாயில்லை. பார் வைத்த மாடல் மூன்று நான்கு அளவில் வரும். இது மட்டும் பெரும்பாலும் ஒரே அளவு. 150 செ.மீ. ஆளுக்கும் அதே ஃப்ரேம், 180 ஆளுக்கும் அதே ஃப்ரேம், அதே கூடை, அதே பூ ஸ்டிக்கர். கேட்டால் "சீட்டை ஏத்திக்கலாம்" என்பார்கள். சீட்டை ஏற்றினால் ஹேண்டில்பாருக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் சரியாகிவிடுமா? ஏறி உட்கார்ந்து, பெடல் இரண்டையும் தரைக்கு இணையாக வைத்து, ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். முழங்கால் இடித்தாலோ, செருப்பு நுனி முன் மட்கார்டில் உரசினாலோ அது உங்கள் அளவு இல்லை. என்ன தள்ளுபடி கொடுத்தாலும் இல்லை.

அடுத்து, "பார் இல்லை" என்று சொல்லி விற்பதிலும் பாதி ஏமாற்று. பாரைக் கொஞ்சம் சாய்த்துவிட்டு, நடுவே கால் நுழைத்து ஏறும் 'ஸ்டெப் த்ரூ' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். ஒரு டேப்பை எடுத்துத் தரையிலிருந்து, கால் நுழையும் இடத்தில் குழாயின் மேல் விளிம்பு வரை அளந்தால் குட்டு வெளிப்படும். 25 முதல் 35 செ.மீ. என்றால் முட்டிவலிக்காரர்களும் சிரமமில்லாமல் ஏறலாம். 50 செ.மீ. வந்தால் அது வேஷம் போட்ட பார் சைக்கிள்தான்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. மேல் பார் வெறும் அலங்காரத்துக்கு இல்லை. குழாய்கள் முக்கோணமாகச் சேர்ந்திருப்பதால்தான் ஃப்ரேம் முறுக்காமல் நிற்கிறது. அந்தப் பாரை எடுத்தால், கீழ்க் குழாயைத் தடிமனாகப் போட்டு ஈடுகட்ட வேண்டும். அதைச் செய்யாமல், பார் மாடலுக்குப் போட்ட அதே ஒல்லிக் குழாயை வளைத்து ஒட்டி அனுப்பினால் என்ன ஆகும்? கேரியரில் சுமை ஏற்றி இறக்கத்தில் விட்டதும் ஹேண்டில் நடுங்க ஆரம்பிக்கும். வாங்கும் முன் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று சீட்டையும் ஹேண்டிலையும் பிடித்துக்கொண்டு, கீழே இருக்கும் பெடலைக் காலால் பக்கவாட்டில் அழுத்துங்கள். கொஞ்சம் எல்லாமே அசையும். பக்கத்தில் நிற்கும் பார் சைக்கிளிலும் இதையே செய்து பாருங்கள், வித்தியாசம் காலிலேயே தெரியும்.

இப்போது சீட்டுக்கு வருவோம். வயிற்றெரிச்சலே இங்கேதான். கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தி, "பாருங்க, மெத்தை மாதிரி" என்பார்கள். கட்டை விரலாலா உட்காரப் போகிறோம்? நம் எடையைத் தாங்க வேண்டியவை புட்டத்துக்கு அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். மெத்தை மிக மென்மையாக இருந்தால் அந்த முனைகள் புதைந்துபோய், நடுவில் இருக்கும் மென்மையான இடத்தை ஸ்பாஞ்சு மேலெழும்பி அழுத்தும். முதல் ஐந்து நிமிடம் சொர்க்கம், அரை மணியில் மரத்துப்போகும். அதைவிட, அட்டைப்பெட்டி செய்யும் நெளிவு அட்டை ஒன்றைக் கெட்டியான ஸ்டூலில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்து லேசாக முன்னே சாய்ந்து எழுந்திருங்கள். இரண்டு குழி விழும். அவற்றின் மையத்துக்கு மையம் 12 செ.மீ. என்றால், நிமிர்ந்து ஓட்டுபவருக்கு மூன்று நான்கு செ.மீ. கூட்டி 15, 16 செ.மீ. அகலச் சீட் போதும். நிமிர்ந்து உட்காரும்போது உடம்பு எடையில் பெரும்பகுதி சீட்டில்தான் விழும் என்பதால் பந்தய சைக்கிளின் ஒல்லிச் சீட் ஆகாது. அதற்காக 25 செ.மீ. சோபாவும் வேண்டாம், ஒவ்வொரு மிதிக்கும் தொடையை அறுக்கும்.

சீட் உயரத்தில் செய்யும் அநியாயம் தனி. இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பெடலை முன்னால் தள்ளி வைத்து வடிவமைத்த ஃப்ரேமில் அது சரி. சாதாரண ஃப்ரேமில் அப்படி ஓட்டினால் முட்டி ஒவ்வொரு சுற்றிலும் மடங்கியே நின்று, முன்பக்கம் வலி எடுக்கும். பழி சைக்கிள் மேல் விழும். சரியான முறை இதுதான்: சீட்டில் உட்கார்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் முழுதாக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முட்டி லேசாக மடங்கும். நிற்கும்போது சீட்டைவிட்டு முன்னால் இறங்கிக்கொள்ளுங்கள், பார் இல்லாத ஃப்ரேம் வாங்கியதே அதற்குத்தானே!

"முன்னாடி ஷாக் இருக்கு, குலுங்காது" என்பது அடுத்த பல்லவி. மலிவான ஷாக் ஃபோர்க் சைக்கிளின் எடையைக் கூட்டும், பிரேக் பிடித்தால் முன்பக்கம் குப்புற அமுங்கும், கொஞ்ச நாளில் ஆட்டம் கண்டுவிடும். எடை விழுவதோ பின்னால், ஷாக் வைப்பதோ முன்னால்! குலுக்கலைத் தின்பது டயர். 40 முதல் 50 மி.மீ. அகல டயரில், சராசரி எடைக்காரர் 40 முதல் 50 பிஎஸ்ஐ காற்று வைத்து, பின் டயரில் மட்டும் சற்றுக் கூட்டிக்கொண்டால் போதும். கல் மாதிரி அடித்துவிட்டுச் சாலையைத் திட்டாதீர்கள்.

டயர் என்றதும் இன்னொரு வேதனை. "26 இன்ச்" என்று கேட்டு வாங்கிவந்த டயர் ரிம்மில் ஏறாது. அகலம் 1.75 என்று புள்ளி வைத்துப் போட்ட 26-க்கு ரிம் விட்டம் 559 மி.மீ., 1 3/8 என்று பின்னத்தில் போட்ட 26-க்கு 590. இரண்டுக்கும் பெயர் மட்டும் ஒன்று. 28-லும் 622, 635 என்று இரண்டு உண்டு. டயர் பக்கவாட்டில் 47-559 என்பதுபோல அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம். இன்ச் பேச்சை விட்டுவிட்டு அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

"21 கியர்" என்று பெருமை வேறு. முன்னே மூன்றையும் பின்னே ஏழையும் பெருக்கினால் 21, கணக்கு சரி. அதில் பல ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட அதே கியர், சில செயினைக் குறுக்கே இழுத்துத் தேய்ப்பவை. அதோடு, மிதித்தால்தான் அந்தக் கியர் மாறும். சிக்னலில் பெரிய கியரில் மாட்டிக்கொண்டு முக்க வேண்டியதுதான். பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் வைத்த மூன்று கியர் நின்ற இடத்திலேயே மாறும். ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் பழைய மூன்று கியர் ஹப்பில் நடு கியரை 1 என்றால் கீழ்க் கியர் 0.75, மேல் கியர் 1.33. பெரிய ஏற்றம் இல்லாத ஊருக்கு அது தாராளம். பின் சக்கரத்தைக் கழற்றும்போது கியர் கேபிளையும் கழற்றி மாட்ட வேண்டும், அந்த எரிச்சல் உண்டு. ஆனால் செயினை முழுக்க மூடும் கவர் போடலாம், பேன்ட் கால் தப்பும்.

பிரேக்கைப் பற்றி ஒரே வரி: பளபளக்கும் இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கும், அலுமினிய ரிம் கேளுங்கள்.

கடைசியாக, பாகங்களைப் பூட்டிக் கொடுக்கும் அவசரம். இடது பெடலின் மரை எதிர்த் திசை என்று தெரியாத கை, ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால், பெடல் மாட்டும் அலுமினியக் கிராங்கின் மரை போச்சு. அதைவிட மோசம், உயரமான ஆளுக்கு அதே ஒற்றை அளவு ஃப்ரேமைத் தலையில் கட்ட, ஹேண்டில் தண்டையும் சீட் பைப்பையும் எல்லை மீறி உருவிவிடுவது. இரண்டிலும் ஒரு கோடு பொறித்திருக்கும். அது குழாய்க்குள் மறைந்திருக்க வேண்டும். வெளியே தெரிந்தால் ஓட்டிப் பார்க்கக்கூட வேண்டாம், அப்படியே இறங்கி வந்துவிடுங்கள்.