ஒரு ரத்தப் பரிசோதனை போதுமா? வளைகுடாப் போர் வீரர்கள் பற்றிய தவறான தகவல்

“1991 வளைகுடாப் போரில் பூச்சிக்கொல்லி பட்ட அமெரிக்க வீரர்கள் இப்போது கோலினெஸ்டரேஸ் (நரம்புகளின் இயக்கத்துக்குத் தேவையான ஒரு நொதி) அளவை ரத்தத்தில் பரிசோதித்தால் போதும்; அளவு இயல்பாக இருந்தால் பாதிப்பே இல்லை” என்று பரவும் தகவல் தவறு.

குளோர்பைரிஃபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் இந்த நொதியை முடக்குவது உண்மைதான். ஆனால் இந்த நொதியைத் தாங்கும் ரத்தச் சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள்; புதிய அணுக்கள் வர வர நொதியும் சில மாதங்களில் மீண்டுவிடும். பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதியில்) அது மீள சில வாரங்களே போதும். சிறுநீரில் வெளியேறும் பூச்சிக்கொல்லியின் சிதைபொருட்கள் சில நாட்களில் மறைந்துவிடும். பெர்மெத்ரின் என்ற வேறு வகைப் பூச்சிக்கொல்லி இந்த நொதியைத் தொடுவதே இல்லை. ஆகவே முப்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் இயல்பான முடிவு எதையும் மறுக்காது. அதைக் காட்டி ஒருவரின் வலியைத் தள்ளிவிடுவது அநியாயம்.

மதிப்பீட்டின் உயிர்நாடி, பொறுமையாகக் கேட்டு எழுதும் வரலாறு: எந்தப் பூச்சிக்கொல்லி, கூடாரத்துக்குள் தெளித்ததா, உடையில் பூசியதா, எத்தனை நாள், கையுறை இருந்ததா, அப்போதே எச்சில் பெருக்கோ வயிற்றுப் பிடிப்போ வந்ததா, கூடவே நரம்பு வாயுத் தாக்குதலிலிருந்து காக்கத் தந்த பிரிடோஸ்டிக்மைன் மாத்திரை (30 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒன்று) எடுத்தாரா. பிறகு நரம்பியல் பரிசோதனை. தேவைப்பட்டால் நினைவாற்றல் சோதனை.

அமெரிக்க முன்னாள் வீரர் நலத்துறையின் வளைகுடாப் போர் பதிவேட்டுப் பரிசோதனை இலவசம். ஆனால் அது இழப்பீட்டு விண்ணப்பம் ஆகாது. அந்த விண்ணப்பத்தைத் தனியாகத் தர வேண்டும்.