போச்சாதுங் மாப்ள

போச்சாது, அதாவது போனால் போகட்டும் விடு, என்ற சொல்லை முதன்முதலில் சொன்ன ஆள் மட்டும் என் கையில் கிடைக்கட்டும். கிடைத்து என்ன, நாலு அறை விட்டாலும் மனுசன் கன்னத்தைத் தடவிக்கொண்டு போச்சாது என்றுதான் சொல்லப்போகிறார்.

நேற்று ஈரோடு பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் வழக்கமான நிலைமைதான். சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, எப்போது மோருக்கு வருவார் என்று அவர் இலையையே பார்த்து நிற்பது. என் ஆள் அப்போதுதான் ரசத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலிக்குப் பின்னால் ஒரு மாமா. எந்த வழியில் மாமா என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கம் ஒன்று பங்காளி, இல்லையென்றால் மாமன் மச்சான். மூன்றாவது வகையே கிடையாது.

மாமா செல்போனில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய பழைய சிட்னி டெஸ்ட் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. 2008. முழுக்கப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இதையெல்லாம் அன்னைக்கே போச்சாதுன்னு உட்டிருக்கோணுங் மாப்ள. வெளையாடப் போன எடத்துல வழக்குப் பேசுனா நல்லாவா இருக்குது?"

எதை விடுவது? என்னங்க விடுவது?

ஆஸ்திரேலியாவின் சைமண்ட்ஸ் 30 ரன்னில் நிற்கிறார். இஷாந்த் போட்ட பந்து மட்டையில் பட்டு தோனி கையில் போய் விழுகிறது. பட்ட சத்தம் எங்கள் வீட்டு டிவியில் கேட்டது. பொடக்காலியில் எருமைக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த எங்கள் அப்புச்சிக்குக் கேட்டது, அவருக்கு அப்போதே ஒரு காது அடைப்பு. எருமையும் திரும்பிப் பார்த்திருக்கும், நான் கவனிக்கவில்லை. அம்பயர் ஸ்டீவ் பக்னருக்கு மட்டும் கேட்கவில்லை. பக்னர் விரல் தூக்க எவ்வளவு நேரம் எடுப்பார் என்று உங்களுக்கே தெரியும். அதனால் நாங்களும் காத்திருந்தோம். டீ ஆறியது. ஆடை படிந்தது. விரல் வரவில்லை. 6 விக்கெட்டுக்கு 134 என்று படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து 463க்குப் போனார்கள். சைமண்ட்ஸ் ஆட்டமிழக்காமல் 162. பட்டது உண்மைதான் என்று பிற்பாடு அவரே நிருபர்களிடம் சொல்லிவிட்டார். நல்ல மனுசன்! சொல்ல வேண்டிய நேரத்துக்கு 132 ரன் தள்ளிச் சொன்னார்.

இதுகூடப் போகட்டும். கடைசி நாள் திராவிட் மட்டையைக் காலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார், பந்து காலில் படுகிறது, அவுட் என்கிறார்கள். அப்புறம் கங்குலி. ஸ்லிப்பில் கிளார்க் பிடித்தாரா, தரையிலிருந்து பொறுக்கினாரா என்று சந்தேகம். அம்பயர் பென்சன் என்ன செய்தார்? ஆஸ்திரேலிய கேப்டன் பாண்டிங்கைப் பார்த்தார். பாண்டிங் விரலைத் தூக்கினார், பென்சனும் தூக்கினார். பீல்டர் சொல்வதை நம்புவது என்று கேப்டன்கள் இருவரும் தொடருக்கு முன்பே பேசி வைத்திருந்தார்களாம். வேலித் தகராறுக்கு அளக்க வந்த சர்வேயர், டேப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துக் காட்டுக்காரரிடம் "ஏனுங், எல்லைக்கல்லு எங்கீங்க இருந்துச்சு?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதே டெஸ்டில் தன் மட்டையில் பட்டு ஸ்லிப்புக்குப் போன பந்துக்கே நகராமல் நின்றவர் இந்தக் கிளார்க். அவர் வாக்குத்தான் நம்மிடம் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம்!

அந்தக் கிளார்க்கே கடைசியில் ஒரே ஓவரில் மூன்று விக்கெட் எடுத்து, நேரம் முடிய சில நிமிடம் இருக்கும்போது முடித்து வைத்தார். எருமையை அன்று பால் கறக்க விடவில்லை நான்.

ஹர்பஜன் சைமண்ட்ஸைத் திட்டினார் என்ற விவகாரத்தில் நான் ரொம்பப் பேச மாட்டேன். நிறத்தை வைத்துத் திட்டியிருந்தால் தடை சரிதான், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் திட்டினார் என்பதற்கு சாட்சி கேட்டோமே, அதுதான் மாமாவுக்குத் தப்பாம். அப்பீலுக்குப் போனோம். நியூசிலாந்து நீதிபதி ஹேன்சன் விசாரித்து, மூன்று டெஸ்ட் தடையை எடுத்துவிட்டு, சம்பளத்தில் பாதி அபராதம் போட்டார். பக்னரை பெர்த்துக்கு அனுப்பவில்லை. அங்கே 72 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம். வழக்குப் பேசினால் இப்படித்தான் மாமா நடக்கும் என்றேன்.

மாமா அசரவில்லை. "1981ல மெல்போர்ன்ல கவாஸ்கரு என்ன பண்ணுனாப்ள? எல்பிடபிள்யூ அவுட்டு குடுத்ததுக்குக் கோவிச்சுட்டு சேத்தன் சௌகானையும் இழுத்துட்டுக் கெளம்பிட்டாப்ள. மேனேஜரு பவுண்டரி கோட்டுகிட்ட நின்னு சௌகானைத் திருப்பி அனுப்புனாரு. அந்த டெஸ்டுல யாருங் ஜெயிச்சது?"

நாம்தான் ஜெயித்தோம். 143 அடிக்க வேண்டிய ஆஸ்திரேலியாவை கபில் 83ல் சுருட்டினார். வெளியேறியிருந்தால் ஆட்டமே போயிருக்கும். இது எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

"அப்பறம் அம்பயரு தீர்ப்பை டிவில மறுபடி பாக்குற ரிவ்யூ வந்தப்ப 2016 வரைக்கும் எங்க டெஸ்டுக்கு வேண்டாம்னு மொரண்டு புடிச்சது யாருங் மாப்ள?"

பேச்சை மாற்றினேன். வேறு வழி? 2021க்குத் தாவினேன். அதே சிட்னி. கூட்டத்திலிருந்து கேவலமாகக் கத்துகிறார்கள் என்று சிராஜ் நேராக அம்பயரிடம் போய்ச் சொன்னார். ஆட்டம் நின்றது, ஆறு பேரை வெளியேற்றினார்கள். அவரும் போச்சாது என்று விடவில்லை, ஆட்டத்தையும் விடவில்லை. அடுத்த வாரம் பிரிஸ்பேனில் நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் முதல் டெஸ்ட் ஆடி, முதல் இன்னிங்ஸிலேயே மூன்று விக்கெட் எடுத்தார். 1988க்கு அப்புறம் அந்த மைதானத்தில் தோற்காதவர்களைத் தோற்கடித்தோம். ஜென்டில்மேன் ஆட்டம், ஜென்டில்மேன் ஆட்டம் என்கிறீர்களே மாமா, அந்தப் பாடத்தை எப்போதும் அடி வாங்கினவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துத்தானே எடுக்கிறார்கள்? அடித்தவனுக்கு என்றைக்காவது ஒரு பீரியடு எடுத்தார்களா? கேட்க வேண்டியதைக் கேட்கிறவனுக்குத்தான் இந்த உலகத்தில்...

திரும்பிப் பார்த்தால் என் நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு தம்பி உட்கார்ந்து இலைக்குத் தண்ணி தெளித்துக்கொண்டிருந்தது. ரசத்துக்காரர் எப்போது எழுந்து போனாரோ. தம்பி நிமிர்ந்து பார்த்து, "அண்ணா, நீங்க நின்னுட்டிருந்தீங்களா?" என்றது.

என் வாய், சத்தியமாக என்னைக் கேட்காமல், "போச்சாதுங் தம்பி, நீங்க சாப்புடுங்க" என்றது.

மாமா எனக்கு முன்பே உட்கார்ந்துவிட்டார். பேச்சு வாக்கில் ஒரு கையை நாற்காலியிலிருந்து அவர் எடுக்கவே இல்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. முதல் வாய் உள்ளே போனதும் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்த ஹர்பஜனும் சைமண்ட்ஸுமே 2011ல் மும்பை அணிக்காக ஒரே சட்டை போட்டு ஆடினார்கள். சைமண்ட்ஸ் இப்போது உயிரோடும் இல்லை. நான் ஏன் பசியோடு நிற்கிறேன்?

அடுத்த பந்தியில் உட்கார்ந்தபோது ஒப்புட்டு தீர்ந்திருந்தது. அதைக்கூட விடுங்கள். ஐஸ்கிரீமுக்கு ஒரு மரத் துடுப்பு கொடுக்கிறார்களே, நாக்கில் பட்டால் பல் கூசுகிற அந்த மரத் துண்டு, அதைக் கண்டுபிடித்தது எவன்?