கசானும் 1936-ன் சிரிப்பும்

சோவியத் ஒன்றியம் உடைந்து 15 நாடுகள் ஆன கதை எல்லோருக்கும் தெரியும். ஏன் 15? ஏன் 16 இல்லை, 20 இல்லை? ரொம்ப நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி இது.

1936 நவம்பரில் புதிய அரசியல் சட்டம் பற்றி ஸ்டாலின் ஓர் உரை ஆற்றினார். ரஷ்யாவுக்குள் இருந்த தத்தார், பாஷ்கிர் தன்னாட்சிக் குடியரசுகளை ஏன் ஒன்றியக் குடியரசுகளாக (பின்னாளில் தனி நாடுகளான 15-ம் இந்த வகைதான்) உயர்த்த முடியாது என்று அதில் விளக்குகிறார். ஒன்றியக் குடியரசுக்குப் பிரிந்து போகும் உரிமை உண்டு. இவர்களைச் சுற்றி நாலு பக்கமும் சோவியத் மண்தான், பிரிந்து எங்கே போவார்கள்? அச்சான உரையில் அந்த இடத்தில் "சிரிப்பு, கைதட்டல்" என்று குறித்திருக்கிறார்கள். அந்த இரண்டு வார்த்தைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். அதே சட்டத்தில்தான் கசாக்குகளும் கிர்கீசியர்களும் ஒன்றியக் குடியரசு ஆனார்கள். 55 வருஷம் கழித்து அவர்களுக்கு ஐ.நா.வில் நாற்காலி கிடைத்தது. தத்தார்ஸ்தானுக்கு இல்லை. 1989 கணக்குப்படி அங்கே சுமார் 36 லட்சம் பேர். ஆர்மீனியாவையும் துர்க்மெனிஸ்தானையும் விட அதிகம்.

1990 ஜூன் 12-ல் ரஷ்யாவே இறையாண்மைப் பிரகடனம் செய்துவிட்டது. அப்புறம் அதற்குள் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? வடக்கு ஒசேத்தியா, கரேலியா, கோமி என்று வரிசையாக அறிவித்தார்கள். ஆகஸ்டில் தத்தார்ஸ்தான் தலைநகர் கசானுக்கு வந்த ரஷ்யத் தலைவர் யெல்ட்சின், "விழுங்க முடிகிற அளவுக்கு இறையாண்மையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்த மாதம் 30-ம் தேதி தத்தார்ஸ்தானின் பிரகடனம் வந்தது. ரஷ்யாவின் பகுதி என்ற பேச்சே அதில் இல்லை. சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருந்தது.

இதெல்லாம் உள்ளூர்த் தலைவர்கள் பதவிக்காக ஆடிய ஆட்டம் என்பார்கள். தத்தார்ஸ்தான் தலைவர் மின்திமேர் ஷைமியேவ் கம்யூனிஸ்ட் கட்சி அமைப்பில் வளர்ந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் தத்தார்ஸ்தான் இறையாண்மை உள்ள அரசா என்று மக்களைக் கேட்ட 1992 மார்ச் 21 வாக்கெடுப்பை என்ன செய்வது? கேள்வியே செல்லாது என்கிற ரீதியில் ரஷ்ய அரசியல் சட்ட நீதிமன்றம் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதையும் மீறி 80 சதவீதத்துக்கும் மேல் ஓட்டுப் போட வந்தார்கள். 61 சதவீதம் ஆம் என்றார்கள். தத்தார்கள் மக்கள்தொகையில் பாதிக்கும் சற்றுக் குறைவு. ரஷ்யர்களில் ஒரு பகுதியினரும் ஆதரிக்காமல் அந்த எண் வந்திருக்காது. இதைப் பதவி ஆசை என்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

ரஷ்யா தன் குடியரசுகளோடு செய்த கூட்டாட்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தவர்கள் இருவர்: தத்தார்ஸ்தானும் செச்சென்யாவும். 1994 பிப்ரவரியில் கசான் மாஸ்கோவோடு தனி ஒப்பந்தம் செய்துகொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் செச்சென்யாவுக்குள் ரஷ்ய டாங்கிகள் நுழைந்தன. கசான் பணிந்துவிட்டது என்று ஏளனமாகப் பேசுபவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தலைமுறைக் குழந்தைகள், ரஷ்யக் குழந்தைகள் உட்பட, பள்ளியில் தத்தார் மொழி படித்தது அந்தப் பொறுமையால்தான்.

2017-ல் ஒப்பந்தம் காலாவதியானது, புதுப்பிக்கவில்லை. அதே ஆண்டு கடைசியில் கட்டாயத் தத்தார் பாடமும் போனது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அதுவும் பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான். 2023-ல் தத்தார்ஸ்தானின் அதிபர் என்ற பதவிப் பெயரும் போய் "ரயிஸ்" (தலைவர்) ஆனது. பிரகடனம் வந்த ஆகஸ்ட் 30 மட்டும் இன்றும் கசானில் விடுமுறை நாள்.