கார்டைப் படிக்காமல் டாரட் வரையாதீர்கள்

பெரிய கேம் ஒன்று வெளியானால் சில வாரங்களிலேயே அதன் ரசிகர்களில் யாராவது அதன் கேரக்டர்களை வைத்து டாரட் (குறி சொல்லப் பயன்படும் படக் கார்டுகள்) வரிசை வரைய ஆரம்பித்துவிடுகிறார்கள். பால்டர்ஸ் கேட் 3, ஹேடீஸ், எல்டன் ரிங், பெர்சோனா என்று எந்த ஃபேண்டம் பக்கம் போனாலும் இது இருக்கும். நடுவில் கேரக்டர், தலைக்குப் பின்னால் தங்க வட்டம், மேலே ரோமன் எண், கீழே கார்டின் பெயர், சுற்றிலும் கொடியும் பூவும். எனக்கு இந்த வகை ஓவியம் ரொம்பப் பிடிக்கும், பிடிப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதில் முக்கால்வாசிப் படங்களில் சட்டம் (ஃபிரேம்) மட்டும்தான் இருக்கிறது, கார்டு இல்லை. மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள பெயரையும் விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள், அது எந்தக் கார்டு என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு கேரக்டரை ஒரு கார்டில் வைப்பது அந்தக் கேரக்டரைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவது. நான் இந்தக் கதையை இப்படிப் படித்தேன், இவளிடம் எனக்கு முக்கியமாகப் பட்டது இது, என்று ஓவியர் நம்மிடம் சொல்கிறார். நாலு பக்கம் எழுதிச் சொல்ல வேண்டியதை ஒரே படத்தில் சொல்ல முடிகிற வடிவம் இது. அதனால்தான் கையில் இவ்வளவு திறமை இருக்கிறவர்கள் அதை வெறும் பார்டர் டிசைனாகப் பயன்படுத்தும்போது மனசு கேட்பதில்லை.

(பால்டர்ஸ் கேட் 3, டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன், பெர்சோனா 5 மூன்றுக்கும் ஸ்பாய்லர் உண்டு. முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.)

பால்டர்ஸ் கேட் 3ஐயே எடுத்துக்கொள்வோம். ஷேடோஹார்ட்டை எல்லோரும் தி மூன் கார்டில் வைக்கிறார்கள். இருளின் தெய்வமான ஷாருக்குப் பூசாரி, நாம் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்து நிலவின் தெய்வமான செலூனே பக்கம் திரும்பலாம். சரி, பொருத்தம்தான். ஆனால் பழைய மூன் கார்டில் நிலவு மட்டுமா இருக்கிறது? இரண்டு கோபுரங்கள், தண்ணீரிலிருந்து மேலே வரும் ஒரு நண்டு மாதிரியான பிராணி, நிலவைப் பார்த்து ஊளையிடும் ஒரு நாய், ஒரு ஓநாய். ஷேடோஹார்ட்டுக்கு ஓநாய் என்றால் பயம். நினைவுகள் அழிக்கப்பட்ட ஒருத்திக்குச் சின்ன வயதிலிருந்து மிச்சம் இருப்பது அந்த ஓநாய் பயம்தான், அவளுடைய கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. கேமும் ஓநாயை வைத்திருக்கிறது, கார்டும் வைத்திருக்கிறது, ஓவியர் மட்டும் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஊதாப் பூ வரைந்து வைத்திருக்கிறார். இப்படி எத்தனையோ பார்த்துவிட்டேன்.

அப்புறம் கார்லாக். நெஞ்சில் நரகத்து இயந்திரம் எரிகிறது, ஆளும் கலகலப்பு, அதனால் தி சன். இதிலும் தப்பில்லை. சன் கார்டில் வெள்ளைக் குதிரை மேல் ஒரு குழந்தை வருகிறது, பின்னால் ஒரு சுவர், சுவருக்கு மேலே சூரியகாந்திகள். இளமையிலேயே நரகத்துக்கு விற்கப்பட்டு, பத்து வருடம் அங்கே போரிட்டுவிட்டு, தப்பித்து ஊர் திரும்புகிறவளுக்கு அந்தக் குழந்தையையும் சுவரையும் சேர்த்து வரைந்தால் அற்புதமாக இருக்கும். ஆனால் என்னைக் கேட்டால் அவளுக்கு ஸ்ட்ரெங்த்தான் சரியான கார்டு. அந்தக் கார்டில் வாளும் இல்லை, புடைத்த தசையும் இல்லை. வெள்ளை உடையில் ஒரு பெண் வெறும் கையால் ஒரு சிங்கத்தின் வாயை மெதுவாக மூடுகிறாள் (திறக்கிறாள் என்று சொல்கிறவர்களும் உண்டு, அந்தச் சண்டை தனி). அந்தக் கார்டின் பலமே அந்தத் தொடுதலில்தான் இருக்கிறது. கார்லாக்கின் துயரம் என்ன? அவளால் யாரையும் தொட முடியாது. தொட்டால் எரித்துவிடுவாள். டாமன் என்கிற கொல்லன் அவளுடைய இயந்திரத்தைச் சரிசெய்து கொடுக்கும்வரை ஒருவரைக் கட்டிப்பிடிக்கக்கூட வழியில்லை. அவளை அந்தச் சிங்கத்துக்குப் பக்கத்தில், கையை நீட்டி, ஆனால் தொடாமல் நிற்கிற மாதிரி வரைந்தால் போதும், விளக்கமே வேண்டாம்.

கேம் கம்பெனிகளே இதை ஒழுங்காகச் செய்து காட்டியிருக்கின்றன. 2014 நவம்பரில் வந்த பயோவேரின் டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்தான் என்னைப் பொறுத்தவரை இன்றைக்கும் உச்சம். கூட்டாளிகளைத் தேர்ந்தெடுக்கும் திரையில் ஒவ்வொருவரும் ஒரு டாரட் கார்டாக நிற்பார்கள். நம் கேரக்டரை உருவாக்கும்போது இனம், வகுப்பு எல்லாம் கார்டுகளாக வரும், கேம் உலகத்தைப் பற்றிய குறிப்புகளான கோடெக்ஸ் பக்கங்களிலும் கார்டுகள். அகலமான தட்டை வண்ணங்கள், தேவாலயக் கண்ணாடி ஜன்னலை நினைவூட்டும் கூரான வடிவங்கள், பழைய காகிதத்தின் சொரசொரப்பு. அந்தக் கூட்டாளிகளின் கார்டில் எண்ணோ பெயரோ எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். ஆனாலும் பார்த்த உடனே அது டாரட் என்று தெரிந்துவிடும், அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்றும் பாதி தெரிந்துவிடும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு ஒன்று: அந்தக் கார்டுகள் மாறும். பிளாக்வால் என்று ஒருவர் கிரே வார்டன் (அரக்கர்களை எதிர்க்கும் வீரர் படையைச் சேர்ந்தவர்) என்று சொல்லிக்கொண்டு நம்மோடு வருவார். பாதிக் கதைக்கு மேல் போனபிறகுதான் அவருடைய உண்மைப் பெயர் தாம் ரெய்னியர் என்பதும், குழந்தைகளோடு ஒரு குடும்பத்தையே கொன்று தீர்த்த சம்பவத்துக்குத் தலைமை தாங்கியவர் என்பதும் தெரிய வரும். அதற்குப் பிறகு அந்தத் திரையைத் திறந்தால் அவருடைய கார்டு வேறு. அயர்ன் புல் என்கிற கூட்டாளிக்கு இன்னும் நுணுக்கம்: அவனுடைய மக்களான குனாரியோடு கூட்டணி வேண்டும் என்றால் அவனுடைய சொந்தக் கூலிப்படையான சார்ஜர்ஸைச் சாக விட வேண்டும், அவர்களைக் காப்பாற்றினால் கூட்டணி போய்விடும், அவனும் தன் மதத்துக்குத் துரோகி ஆகிவிடுவான். நாம் எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைப் பொறுத்து வெவ்வேறு கார்டு. யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அடுத்த பயணத்துக்கு ஆள் எடுக்கத் திரையைத் திறப்போம், அங்கே நாம் செய்தது நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இந்த ஃபேண்டம் டாரட் அலையில் பெரும்பகுதி அந்தக் கேமிலிருந்து கிளம்பியது என்பதே என் எண்ணம். கிளம்பியவர்களில் நிறையப் பேர் வண்ணத்தையும் வடிவத்தையும் எடுத்துக்கொண்டார்கள், அந்த மாற்றத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

பெர்சோனா வேறு வகை. அங்கே கார்டு கதைக்குள் மட்டுமல்ல, கணக்குக்குள்ளேயே இருக்கிறது: யாரோடு நட்பு வளர்க்கிறோமோ அவருடைய அர்கானாவை, அதாவது அவருக்கான டாரட் கார்டைச் சேர்ந்த பெர்சோனாக்களை (சண்டையில் அழைக்கும் துணை உருவங்களை) உருவாக்கும்போது கூடுதல் பலம் கிடைக்கும். பெர்சோனா 5ல் ஃபுட்டாபா தி ஹெர்மிட். அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பெண், அதனால் துறவி கார்டு என்று நினைத்து நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. கார்டைக் கவனித்தால் அந்தக் கிழவர் கையில் ஒரு விளக்கு இருக்கிறது, உயரத்தில் நின்றுகொண்டு அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். ஃபுட்டாபா வெளியே வந்தபிறகு என்ன செய்கிறாள்? முழு டீமுக்கும் வழி சொல்லும் நேவிகேட்டர் அவள்தான். அகேச்சிக்கு ஜஸ்டிஸ். டிவியில் நீதி பேசும் துப்பறிவாளன், மறைவில் கொலைகாரன். தலைகீழாக விழுந்த ஜஸ்டிஸ் கார்டாக அவனை வரைந்தவர்கள் இருக்கிறார்கள், அது தேர்ந்த யோசனை. சைபர்பங்க் 2077லும் நகரத்துச் சுவர்களில் கார்டுகளை கிராஃபிட்டியாகத் தேட வைத்து, முடிவுகளுக்கு ஸ்டார், சன், டெவில், டெம்பரன்ஸ் என்றே பெயர் வைத்தார்கள், ஆனால் அதைப் பற்றி ஏற்கெனவே ஊரே எழுதிவிட்டது.

இப்போது நான் உண்மையில் பேச விரும்பும் ஆளுக்கு வருகிறேன். இன்று டாரட் என்றதும் நம் கண்முன் வரும் படங்கள், யூடியூப் ரீடிங் வீடியோக்களில் வருவதும் பெரும்பாலும் அதுவே, ஒரு பெண் வரைந்தவை. பமீலா கோல்மன் ஸ்மித். 1878ல் லண்டனில் பிறந்தார், சிறு வயதில் சில வருடங்கள் ஜமைக்காவில், ஓவியம் படித்தது நியூயார்க் புரூக்ளினில், பிறகு லண்டன் நாடக உலகத்தோடு நெருக்கம். மறைஞான எழுத்தாளர் ஆர்தர் எட்வர்ட் வெயிட் கேட்டுக்கொண்டபடி 78 கார்டுகளும் அவர் வரைந்தவை. ரைடர் என்கிற பதிப்பகம் 1909ல் வெளியிட்டது. சில கார்டுகளைப் பார்த்தால் நாடக மேடையும் பின்திரையும் போலவே இருக்கும், அது தற்செயல் இல்லை.

அவர் செய்த பெரிய காரியம் மைனர் அர்கானா. டாரட்டில் இரண்டு பகுதி: மூன், சன் மாதிரி பெயருள்ள கார்டுகள் மேஜர், அதில் 22. கோப்பை, வாள், கோல், காசு என்று நாலு வகையாக வருவது மைனர், அதில் 56. அதற்கு முன்பு பெரும்பாலான டெக்குகளில் (கார்டுக் கட்டுகளில்) மைனரில் எண் கார்டுகள் சீட்டுக்கட்டைப் போலத்தான் இருந்தன: ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பை. இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டின் சோலா புஸ்கா மாதிரி விதிவிலக்குகள் உண்டு, அதன் புகைப்படங்கள் 1907ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன, ஸ்மித்தின் சில கார்டுகளில் அதன் சாயல் தெரிகிறது. ஆனால் பெரும்பாலான எண்களுக்கு மனிதர்களை வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு காட்சியாக்கி, அதைப் பரவலாகப் போய்ச்சேர வைத்தது அவருடைய கைதான். ஒன்பது வாள்களில் ஒருவர் நடு இரவில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருக்கிறார், மேலே இருட்டில் ஒன்பது வாள்கள். ஆறு வாள்களில் ஒரு படகு, போர்த்திய ஒரு பெண், பக்கத்தில் குழந்தை, பின்னால் நின்று படகு தள்ளும் ஆள், யாருடைய முகமும் நமக்குத் தெரியாது. கேம் கதைகளில் நம்மை உலுக்கும் இடங்கள் எல்லாம் இப்படிப்பட்டவைதானே? உலகம் இடிந்து விழும் டவர் கார்டு ஒரு கேமில் ஒருமுறை வரும். தூங்க முடியாமல் எழுந்து உட்காரும் ராத்திரி எல்லாக் கேரக்டருக்கும் இருக்கிறது.

ஆனால் ரசிகர் டெக்குகள் பெரும்பாலும் 22 மேஜரோடு நின்றுவிடுகின்றன. 78 வரைவது எவ்வளவு வேலை என்று தெரியும், தனி ஆளாக ஒருவர் 22ல் நிறுத்தினால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்வது பல பேர் சேர்ந்து செய்யும் பெரிய திட்டங்களைப் பற்றி. அங்கே மேஜருக்கு மட்டும் முழு ஓவியம், மைனருக்குக் கேம் ஐகானை ஐந்து தடவை, ஏழு தடவை ஒட்டி முடித்துவிடுகிறார்கள். நூறு வருடத்துக்கு முன்பு ஒரு பெண் உடைத்துவிட்டுப் போன பழக்கத்துக்கே திரும்பப் போவது அது.

பணத்தையும் பேசிவிடுகிறேன். அந்த 1909 நவம்பரில் ஸ்மித், புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், ரொம்பக் குறைந்த காசுக்குப் பெரிய வேலை ஒன்றை முடித்திருப்பதாகச் சொல்கிறார். விற்பனையில் பங்கு எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1951ல் கார்ன்வாலில் கடனோடு இறந்தார். டெக்குக்குப் பல காலம் பதிப்பாளர் பெயரும் வெயிட் பெயரும்தான், இப்போதுதான் ஸ்மித்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அதனால் ஃபேன் டெக் திட்டம் நடத்துகிறவர்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கை. லாபத்துக்காக விற்கிறீர்கள் என்றால் ஒரு கார்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லிக் காசு கொடுங்கள், ஒரு டெக் இலவசம் என்பது கூலி ஆகாது. நன்கொடைக்காக நடத்துவது வேறு, அது எல்லோரும் தெரிந்தே ஒத்துக்கொள்வது. இரண்டாவது, அவருடைய காட்சி அமைப்பை வைத்து வரைந்திருந்தால் அவர் பெயரைப் பெட்டியில் போடுங்கள். ஐரோப்பாவில் 2022லிருந்து அந்த ஓவியங்களுக்குக் காப்புரிமை இல்லை, சட்டப்படி யாரும் கேட்க மாட்டார்கள். இருந்தாலும் போடுங்கள்.

சமீப வருடங்களாக ஏஐ படங்களும் டாரட் ஸ்டைல் என்று குவிகின்றன. தங்க வட்டம், பூ பார்டர், அர்த்தமில்லாத ரோமன் எண்கள். சட்டத்தை அதுவும் அச்சு அசலாகப் போட்டுவிடுகிறது. மனிதர்கள் வரைகிற டெக்கும் சட்டத்தோடு நின்றுவிட்டால் இரண்டையும் நான் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இந்தக் கேரக்டருக்கு ஏன் இந்தக் கார்டு என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.

எனக்குப் பார்க்க ஆசையாக இருக்கும் மைனர்களைச் சொல்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பால்டர்ஸ் கேட் 3ல் வரும் அஸ்டாரியனுக்கு எட்டு வாள்கள்: கண்ணும் கையும் கட்டப்பட்டு வாள்களுக்கு நடுவில் நிற்கும் உருவம், ஆனால் கால் கட்டப்படவில்லை, கட்டும் தளர்ந்துதான் இருக்கிறது. இருநூறு வருட அடிமைக்கு வேறு எந்தக் கார்டும் வேண்டாம். அதே கேமில் வரும் கேலுக்கு ஐந்து கோப்பைகள், கவிழ்ந்த மூன்றையே பார்த்துக்கொண்டு பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரண்டைப் பார்க்காதவன். அயர்ன் புல்லுக்கு மட்டும் ஒன்று போதாது. சார்ஜர்ஸைச் சாக விட்டால் ஐந்து வாள்கள்: ஒருவன் ஜெயித்து வாள்களைப் பொறுக்கிக்கொண்டு நிற்கிறான், மற்றவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தில் போகிறார்கள். காப்பாற்றினால் ஏழு கோல்கள்: மேட்டில் தனியாக நிற்பவன், கீழேயிருந்து ஆறு கோல்கள் அவனை நோக்கி நீள்கின்றன. கேமில் அவனைக் கொல்ல ஆள் அனுப்புகிறார்களே, அந்த இடம். வரைவதாக இருந்தால் இரண்டையும் வரையுங்கள், ஒரே அளவில், ஒரே சட்டத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மாதிரி.