ரோனி பார்க்கரும் நாலு மெழுகுவர்த்தியும்

பிரிட்டிஷ் காமெடி என்றாலே நம் ஊரில் மிஸ்டர் பீன்தான். ரோனி பார்க்கரைச் சொன்னால் "யாரு?" என்பார்கள். அதில் ஆச்சரியமும் இல்லை. பீனை டிவி சத்தத்தை அணைத்துவிட்டுக்கூடப் பார்க்கலாம், பார்க்கரைப் பார்க்கக் காது வேண்டும். ஆனால் அந்த நாட்டு டிவி காமெடியில் 'நடிகர்' என்று ஒருவருக்குத்தான் ஓட்டு போடலாம் என்றால் என் ஓட்டு அவருக்கே. தன்னை ஒளித்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

1929இல் பெட்ஃபோர்டில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் வளர்ந்தவர். கட்டடக்கலை படிக்கப் போய்ப் பாதியில் விட்டார், வங்கியில் குமாஸ்தாவாக இருந்தார், 1948இல் எய்ல்ஸ்பரியில் ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். வாரத்துக்கு ஒரு புது நாடகம் போடும் கம்பெனி அது. சாயங்காலம் இந்த வார நாடகம், பகலில் அடுத்த வாரத்துக்கு ஒத்திகை. இந்த வாரம் போலீஸ், அடுத்த வாரம் பாதிரியார், அதற்கடுத்த வாரம் கிழவர். அப்புறம் பிபிசி வானொலியில் 'தி நேவி லார்க்' என்ற காமெடித் தொடர், ஒரே ஆள் பல குரலில். முகமே தேவைப்படாத அந்தப் பயிற்சிதான் பின்னால் அவரைக் காப்பாற்றியது.

1971 முதல் 1987 வரை ஓடிய 'தி டூ ரோனீஸ்' டிவி காமெடி நிகழ்ச்சியைக் கவனித்துப் பாருங்கள். கூட்டாளி ரோனி கார்பெட், நாற்காலியில் உட்கார்ந்து தன் பெயரிலேயே வளவளவென்று ஒரு கதையை இழுப்பார். பார்க்கருக்கு அப்படி ஒரு பகுதி கிடையாது. வேஷம் இல்லாமல், தானாக நின்று நாலு வார்த்தை பேசுவதென்றால் அவருக்கு உதறல்.

எழுத்திலும் அதே ஒளிவுதான். 1968இல், பார்க்கரும் கார்பெட்டும் நடித்த டேவிட் ஃப்ராஸ்ட்டின் டிவி நிகழ்ச்சிக்கு ஜெரால்ட் வைலி என்ற பெயரில் ஸ்கெட்ச்கள், அதாவது குட்டிக் காமெடி நாடகங்கள், வர ஆரம்பித்தன. எல்லாம் நன்றாக இருந்தன. யார் இந்த வைலி என்று செட்டே மண்டையைப் பிய்த்துக்கொண்டது. நாடக ஆசிரியர் டாம் ஸ்டாப்பர்டாக இருக்குமோ என்றுகூடப் பேச்சு. கார்பெட் ஒரு ஸ்கெட்ச்சின் உரிமையை விலைக்குக் கேட்க, வைலி 3,000 பவுண்ட் என்றார். அவ்வளவு கட்டாது என்று கார்பெட் தயங்கவும், சும்மாவே கொடுத்துவிட்டார். கடைசியில் எல்லோரையும் ஒரு சீன உணவகத்துக்கு அழைத்து, "வைலி நான்தான்" என்று பார்க்கர் எழுந்து சொன்னபோது உடனே யாரும் நம்பவில்லையாம். நட்சத்திரம் எழுதியது என்பதற்காகத் தன் ஸ்கிரிப்டை ஏற்கக் கூடாது, அதற்காகத்தான் இவ்வளவு நாடகமும்.

அந்த வைலி எழுதியதுதான் 1976இல் வந்த 'ஃபோர் கேண்டில்ஸ்'. ஹார்டுவேர் கடை. கல்லாப் பக்கம் கார்பெட், வாடிக்கையாளர் பார்க்கர். அவர் கேட்க, கடைக்காரர் நாலு மெழுகுவர்த்தி எடுத்து வைக்கிறார். "இது இல்லை, ஃபோர்க் ஆண்டில்ஸ்." மண் கிளறும் ஃபோர்க்குக்குப் பிடி! 'ஹேண்டில்' என்பதில் ஹ-வை விழுங்கும் பேச்சு அது. ஹ போனதும் சொல் உயிரில் தொடங்குகிறது. முன்னால் நிற்கும் க் அதன்மேல் ஏறிக்கொள்கிறது. பள்ளியில் உருப்போட்ட 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே'தான், வேறொன்றுமில்லை. பலகை என்பதைப் பல கை என்று பிரிக்கும் நம் பிரிமொழிச் சிலேடையை அப்படியே இங்கிலாந்துக் கடைக்குள் வைத்துப் பாருங்கள்.

சிலேடை மட்டும் போதாது. மெழுகுவர்த்தி முதலில் மேஜைக்கு வந்தாக வேண்டும். பிடி முதலில் வந்தால் ஜோக் செத்தது. 'ஓஸ்' என்று கேட்டதும் களைக்கொத்து வருகிறது, அப்புறம் தோட்டக்குழாய், அப்புறம் பெண்கள் போடும் நைலான் காலுறை. கடைசியில் பார்த்தால் அவர் கேட்டது வீட்டுக் கேட்டில் பெயர் ஒட்ட 'ஓ' எழுத்து. பட்டுத் தெரிந்துகொண்ட கடைக்காரர், அடுத்து 'பீஸ்' என்றதும் எழுத்துப் பெட்டியைத் தூக்கி வருகிறார். இந்த முறை கேட்டது டப்பாவில் அடைத்த பட்டாணி! ஏமாந்தவன் பாடம் கற்றதும் அந்தப் பாடமே அவனைக் கவிழ்க்கிறது. இன்னொன்று: மொத்த எரிச்சலையும், அதனால் மொத்தச் சிரிப்பையும், எழுதியவர் கார்பெட்டுக்குக் கொடுத்துவிட்டார். தனக்கு எடுத்துக்கொண்டது அசையாத ஒரு முகம். முடிவு மட்டும் சப்பை. பார்க்கருக்கே அதில் திருப்தி இருந்ததில்லை.

ஆனாலும் அவருடைய உச்சம் 'பாரிட்ஜ்' என்ற சிறைக் காமெடித் தொடர்தான் (1974–77). டிக் கிளெமெண்ட், இயன் லா ஃப்ரெனே எழுதியது. ஐந்து வருஷத் தண்டனையில் ஃப்ளெட்சர் என்ற பழைய கைதி. உண்மையான சிறையில் படம்பிடிக்க உள்துறை அனுமதிக்காததால், ஈலிங் ஸ்டூடியோவில் நீருக்கடிக் காட்சிகளுக்கான பழைய தொட்டிக்குள் சிறை மாடிகளைக் கட்டினார்கள். டைட்டிலில் நீதிபதி தண்டனை வாசிக்கும் குரல் கேட்கும். அதுவும் பார்க்கர்தான், தண்டிப்பவரும் தண்டனை அடைபவரும் ஒருவரே. 'எ நைட் இன்' எபிசோடு ஏறக்குறைய முழுக்க ஒரே அறை, இரண்டு பேர், ஒரு ராத்திரி. சிறைக்குப் புதிதான இளைஞன் காட்பராக ரிச்சர்ட் பெக்கின்சேல். பையன் பேசும்போது பார்க்கர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்: ஒன்றும் செய்வதில்லை, கேட்கிறார். ஸ்டூடியோவில் ஜனங்கள் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வசனத்தைத் தொட்டால் யார் காதிலும் விழாது, முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் சூடு ஆறிவிடும். அந்த இடைவெளியை அவர் சும்மா நின்று கடப்பதில்லை, ஃப்ளெட்சர் யோசிப்பதாக ஆக்கிவிடுவார். 1979இல் இதையே சினிமாவாக எடுத்தபோது, கூட்டம் இல்லாததால், இந்தத் தாளம் காணாமல் போனது. பெக்கின்சேலும் அதே வருஷம் 31 வயதில் போய்விட்டார்.

'ஓப்பன் ஆல் அவர்ஸ்' என்ற இன்னொரு தொடரில் அவர் நடித்த மளிகைக்கடைக்காரர் ஆர்க்ரைட்டின் திக்குவாய் ஸ்கிரிப்டில் இல்லை, பார்க்கர் சேர்த்தது. பழைய நாடக நண்பர் கிளென் மெல்வினிடம் கற்றது. திக்குவாயை வைத்துச் சிரிப்பதா என்று இன்று கேட்பவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தொழில் சுத்தத்தை நான் ரசிக்கிறேன், ஆனால் அந்தக் கேள்விக்கு அது பதில் ஆகாது.

பிறகு, மார்க்கெட் உச்சத்தில் இருக்கும்போதே 1988இல் கடையைக் கட்டினார். நிஜமாகவே வேறு கடை திறந்தார்: சிப்பிங் நார்ட்டனில் மனைவியோடு பழம்பொருள் கடை. பதினான்கு வருஷம் கழித்து 2002இல் ஒரு டிவி படத்தில் சர்ச்சிலின் பட்லராக வந்தார். 2005 அக்டோபரில் மறைந்தார். மறு வருஷம் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நினைவு வழிபாடு. சிலுவையோடு வழக்கமாக இரண்டு மெழுகுவர்த்திகள் போகும், அன்று நாலு போயின.

பார்க்க நினைப்பவர்கள் 'பாரிட்ஜ்' முதல் எபிசோடிலிருந்து தொடங்குங்கள். சிறைக் கொச்சை நிறைய, புகையிலைக்கு 'ஸ்னவுட்', வார்டனுக்கு 'ஸ்க்ரூ', அதனால் முதல் தடவை சப்டைட்டில் இருக்கட்டும். 'ஃபோர் கேண்டில்ஸு'க்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள். எழுத்தில் போடுகிறவர் மெழுகுவர்த்தியா பிடியா என்று முன்கூட்டியே முடிவு பண்ணித்தான் போட வேண்டும்.